போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு? சாட்டிலைட் சொல்லும் சரியான நேரம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் திரையின் வலது கீழ் மூலையில் ஓடும் கடிகாரத்தை அதிகம் கவனிப்பதில்லை. அது சற்று முன்னே பின்னே ஓடினால் என்ன நஷ்டம் என்றுதான் நானும் இருந்தேன். அந்தக் கடிகாரத்தை நம்பி ஓர் இன்டர்நெட் நிறுவனத்தின் மீது புகார்க் கடிதம் எழுதி, உறையில் போட்டு ஒட்டியும் வைத்துவிட்டேன். நல்ல வேளையாக அனுப்பவில்லை. அந்தக் கதையோடு சேர்த்து, கம்ப்யூட்டர் கடிகாரத்தைச் சாட்டிலைட் சிக்னலைக் கொண்டு எப்படிச் சரி செய்கிறார்கள், நெட்வொர்க் தாமதத்தை அளக்க அது ஏன் தேவைப்படுகிறது என்பதை இங்கு பார்க்கலாம்.

எங்கள் வீடு திருநெல்வேலியில். அண்ணன் மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். தினமும் இரவு 9 மணிக்கு என் அம்மா அவனுடன் இன்டர்நெட் வழியாகப் பேசுவார். ஒரு சமயம் சில வாரங்களாக அம்மா முகத்தில் வாட்டம். கேட்டதற்கு, "நான் ஒண்ணு கேட்டா அவன் யோசிச்சு யோசிச்சுல்லா பதில் சொல்லுதான். என் மேல ஏதும் வருத்தமா இருக்கானோ?" என்றார். அவனிடம் விசாரித்தால், "இல்ல சித்தப்பா, ஆச்சி கேட்டு முடிச்ச உடனே பதில் சொல்லிடறேன்" என்கிறான். இருவரும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் இடையில் உள்ள நெட்வொர்க்கில்தான் ஏதோ தாமதம். அது எந்தப் பக்கம் என்று அளந்து பார்த்துவிடலாம் என இறங்கினேன்.

பிங் சொல்வது என்ன?

நெட்வொர்க் தாமதத்தை அளக்க எல்லோரும் முதலில் எடுப்பது பிங் கட்டளை. நீங்களும் இதை உடனே செய்து பார்க்கலாம். விண்டோஸ் கீயை அழுத்தியபடி ஆர் கீயை அழுத்துங்கள். சிறிய கட்டம் ஒன்று கிடைக்கும். அதில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டினால் கறுப்பு நிறக் கமாண்ட் விண்டோ திறக்கும். அங்கு பிங் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, ஏதேனும் ஓர் இணையதளத்தின் முகவரியைக் கொடுத்து என்டர் தட்டுங்கள். உங்கள் கம்ப்யூட்டர் நான்கு சிறிய தகவல் பாக்கெட்டுகளை அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் பதில் வர எத்தனை மில்லி விநாடி ஆனது எனக் காட்டும். ஒரு விநாடியில் 1000 மில்லி விநாடிகள்.

என் வீட்டிலிருந்து அண்ணன் மகனின் கம்ப்யூட்டருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிங் செய்தபோது 55 மில்லி விநாடி எனக் காட்டியது. இது போய்விட்டுத் திரும்பி வர ஆன மொத்த நேரம். மகளுக்குக் கடிதம் போடுகிறீர்கள். ஆறாவது நாள் பதில் வருகிறது. உங்கள் கடிதம் போக எத்தனை நாள், பதில் வர எத்தனை நாள் என்று இதை வைத்துச் சொல்ல முடியுமா? பாதியாக வகுத்து மூன்று மூன்று நாள் என்று எழுதிக் கொள்ளலாம். ஆனால் அது வெறும் ஊகம்தான்.

நெட்வொர்க்கில் இந்த ஊகம் பல நேரங்களில் தவறிவிடும். போகும் பாக்கெட் ஒரு பாதையிலும் திரும்பும் பாக்கெட் வேறு பாதையிலும் செல்லலாம். ஒரே பாதையாக இருந்தாலும் ஒரு திசையில் நெரிசல், மறு திசையில் காலி என இருக்கலாம். மேலும், பல வீட்டு இணைப்புகளில் டவுன்லோட் வேகம் அதிகமாகவும் அப்லோட் வேகம் குறைவாகவும் இருக்கும்.

ஒருவழித் தாமதத்தை அளப்பதற்கான விதிமுறைகளை இன்டர்நெட் தரங்களை வகுக்கும் அமைப்பு 1999ல் தனி ஆவணமாக வெளியிட்டது. 2016ல் அதைத் திருத்தி வெளியிட்டது. மேலே சொன்ன காரணங்களில் முதல் இரண்டும் அதிலும் கூறப்பட்டுள்ளன.

பாக்கெட் அனுப்பும் முன்பே வந்து சேருமா?

அண்ணன் மகன் சிறிய புரோகிராம் ஒன்று எழுதினான். என் கம்ப்யூட்டர் புறப்படும் நேரத்தைக் குறித்துப் பாக்கெட்டை அனுப்பும். அவன் கம்ப்யூட்டர் அது வந்து சேர்ந்த நேரத்தைத் தன் கடிகாரத்தில் பார்த்துக் கழித்துச் சொல்லும். எதிர்த் திசையிலும் இதேபோலத்தான்.

விடை வந்தது. என் வீட்டிலிருந்து சென்னைக்குப் போக 412 மில்லி விநாடி! காலையிலேயே இவ்வளவு என்றால் இரவில் எப்படி இருக்கும் என்று எனக்குக் கோபம் வந்தது. எனக்கு இணைப்புத் தரும் நிறுவனத்திற்கு இந்த எண்ணைப் போட்டுக் காரசாரமாகக் கடிதம் எழுதினேன். மறுநாள் அண்ணன் மகன் போனில், "சித்தப்பா, லெட்டரை அனுப்பிட்டீங்களா? இரண்டாவது வரியைப் பார்த்தீங்களா?" என்றான். அங்கிருந்து இங்கு வர ஆன நேரம் என்ற இடத்தில் மைனஸ் 357 என்று இருந்தது. அதாவது, அவன் அனுப்புவதற்கு 357 மில்லி விநாடிகள் முன்பே பாக்கெட் என்னிடம் வந்துவிட்டதாம்!

இப்படி நடக்க வாய்ப்பே இல்லை. அவன் கம்ப்யூட்டர் கடிகாரம் என்னுடையதைவிட முன்னால் ஓடிக் கொண்டிருந்தது. அந்த வேறுபாடு போகும் கணக்கில் கூடுகிறது. வரும் கணக்கில் குறைகிறது. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 412ல் 357ஐக் கழித்தால் 55. பிங் சொன்ன அதே எண்! மொத்த நேரத்தைக் கணக்கிடும்போது கடிகாரத் தவறு தானாக அடிபட்டுப் போகிறது. தனித்தனியாகப் பிரித்தால்தான் தவறு முழுதாக வந்து உட்கார்ந்து கொள்கிறது. ஒருவழித் தாமதம் வேண்டும் என்றால் இரண்டு முனைகளிலும் கடிகாரங்கள் ஒன்றாக ஓடியாக வேண்டும்.

கடிகாரம் ஏன் தவறுகிறது?

கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் மதர்போர்டில் ஒரு சிறிய கடிகாரம் ஓடிக் கொண்டே இருக்கும். நாணயம் போன்ற பேட்டரி ஒன்று அதற்கு மின்சாரம் தரும். அதில் உள்ள குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த அதிர்வுகளை எண்ணித்தான் ஒரு விநாடி ஆனது எனக் கடிகாரம் அறிகிறது. கம்ப்யூட்டர் இயங்கும்போது நேரத்தைக் கணக்கிட மதர்போர்டில் உள்ள வேறு படிகங்களும் பயன்படுகின்றன.

வெப்பம் மாறினால் படிகத்தின் அதிர்வு சற்று மாறும். வயது கூடினாலும் மாறும். பத்து லட்சத்தில் 20 பங்கு தவறு என்பது இத்தகைய படிகத்திற்குச் சாதாரணம். கேட்கும்போது சிறியதாகத் தோன்றும். ஒரு நாளைக்கு 86,400 விநாடிகள் என்பதால் இது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.7 விநாடி ஆகிறது. நாம் அளக்க நினைப்பதோ 30 மில்லி விநாடி!

இன்டர்நெட்டிலேயே நேரத்தை வாங்கினால் போதாதா?

வீட்டு வேலைக்கு இது தாராளமாகப் போதும். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் திறந்து, டைம் அண்ட் லாங்வேஜ் பிரிவில் டேட் அண்ட் டைம் தேர்ந்தெடுங்கள். முதலில் டைம் ஸோன் என்பதில் சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூ டெல்லி என்ற வரி உள்ளதா எனப் பாருங்கள். செட் டைம் ஆட்டோமேடிகலி என்பது ஆன் நிலையில் இருக்கட்டும். பின் சிங்க் நவ் பட்டனில் கிளிக் செய்திடுங்கள். கம்ப்யூட்டர் இன்டர்நெட்டில் உள்ள நேர சர்வரைக் கேட்டுத் தன் கடிகாரத்தைச் சரி செய்து கொள்ளும்.

இதன் பின்னணியில் இருப்பது என்.டி.பி. என்ற வழிமுறை. டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் உருவாக்கியது. 1985ல் இதன் முதல் விளக்க ஆவணம் வெளியானது. டெலவர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பல ஆண்டுகள் இதை வளர்த்த அவர் 2024ல் காலமானார். கம்ப்யூட்டர் சர்வரிடம் நேரம் கேட்கிறது. கேள்வி புறப்பட்ட நேரம், சர்வரைச் சேர்ந்த நேரம், பதில் புறப்பட்ட நேரம், பதில் வந்து சேர்ந்த நேரம் என நான்கையும் வைத்து இரு கடிகாரங்களின் வேறுபாட்டைக் கணக்கிடுகிறது.

ஆனால் இந்தக் கணக்கில் ஓர் அனுமானம் உள்ளது. போகும் நேரமும் வரும் நேரமும் சமம் என்பதே அது. போக 210, வர 24 மில்லி விநாடி ஆகிறது என வைத்துக் கொள்வோம். மொத்தம் 234. என்.டி.பி. இதை 117, 117 எனப் பிரிக்கும். அந்தக் கணக்கை அப்படியே நம்பினால் உங்கள் கடிகாரம் 93 மில்லி விநாடி தவறிவிடும். தாமதம் குறைவாக உள்ள பதில்களைப் பொறுக்கி எடுத்து என்.டி.பி. இதைச் சமாளிக்கப் பார்க்கும். இருந்தாலும் அடிப்படைச் சிக்கல் மாறாது. இரண்டு திசையும் சமமா என்று அறியத்தான் கடிகாரம் வேண்டும் என்கிறோம். அந்தக் கடிகாரமோ இரண்டு திசையும் சமம் என்று நம்பிச் சரி செய்யப்பட்டது. எடை போட வேண்டிய அரிசியையே எடைக்கல்லாக வைத்த கதைதான். நேரத்தை இந்த நெட்வொர்க்கைத் தொடாத வேறொரு வழியில் கொண்டு வர வேண்டும். அதற்குத்தான் சாட்டிலைட்.

சாட்டிலைட் எப்படி நேரம் சொல்கிறது?

வழி காட்டும் கருவியாகவே ஜி.பி.எஸ். நமக்குப் பழக்கம். உண்மையில் அது முதலில் ஒரு கடிகாரம். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு ஜி.பி.எஸ். சாட்டிலைட்டிலும் அணுக் கடிகாரங்கள் உள்ளன. "நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இது" என்று அது ஓயாமல் சொல்லிக் கொண்டே இருக்கிறது.

நம் கையில் உள்ள ரிசீவரில் இருப்பது சாதாரணப் படிகம்தான். அகலம், நீளம், உயரம் ஆகிய மூன்றுடன், தன் கடிகாரம் எவ்வளவு தவறு என்பதையும் சேர்த்து நான்கு விடைகளை அது கண்டுபிடிக்க வேண்டும். எனவே நான்கு சாட்டிலைட்டுகள் தேவை. ஆன்டெனாவை ஓரிடத்தில் நிலையாக வைத்து அந்த இடத்தைத் துல்லியமாகத் தெரிந்து கொண்டால், அதன் பின் நேரத்திற்கு ஒரு சாட்டிலைட்டே போதும்.

"வானத்திலிருந்து வரும் சிக்னலுக்கும் தாமதம் உண்டே?" என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. நேர் மேலே உள்ள சாட்டிலைட்டிலிருந்து வரவே சுமார் 67 மில்லி விநாடி ஆகும். இது சென்னைக்கு என் பாக்கெட் போகும் நேரத்தைவிட அதிகம்! ஆனால் அந்தச் சிக்னல் எந்த ரௌட்டரிலும் வரிசையில் நிற்பதில்லை. ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ நேர்க்கோட்டில் வருகிறது. தூரம் தெரிந்தால் தாமதத்தைக் கணக்கிட்டுக் கழித்து விடலாம். பெரிய தாமதமாக இருந்தாலும் கணக்கில் அடங்கும் தாமதம். நெட்வொர்க் தாமதம் அப்படி அடங்குவதில்லை.

ரிசீவரில் கவனிக்க வேண்டியவை

முதலாவது, பி.பி.எஸ். வசதி. விநாடிக்கு ஒரு துடிப்பு என்பது இதன் பொருள். ஜி.பி.எஸ். ரிசீவர் கம்ப்யூட்டருக்கு நேரத்தை எழுத்து வரியாக அனுப்பும். அந்த வரி தயாராகி, கேபிள் வழியே வந்து சேரச் சில நூறு மில்லி விநாடிகள் கூட ஆகலாம்; அதுவும் ஒவ்வொரு முறையும் மாறும். ரேடியோவில் மணி அறிவிக்கும் முன் "பீப்" ஒலி வருவதை எண்ணிப் பாருங்கள். அறிவிப்பாளர் பேச்சு முன்னே பின்னே இருக்கலாம். ஒலி மட்டும் சரியாக நொடி பிறக்கும்போது வரும். பி.பி.எஸ். துடிப்பு அந்த ஒலியைப் போன்றது. எழுத்து வரி "இது எந்த விநாடி" என்று சொல்லும். துடிப்பு "அது சரியாக இப்போது தொடங்குகிறது" என்று சொல்லும். நல்ல ரிசீவரில் இந்தத் துடிப்பின் தவறு ஒரு மைக்ரோ விநாடிக்கும் குறைவு. மைக்ரோ விநாடி என்பது மில்லி விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

கடைகளில் கிடைக்கும் பல யு.எஸ்.பி. ரிசீவர்கள் எழுத்து வரியை மட்டுமே தரும். அவை வரைபடம் பார்க்கப் போதும். இந்த வேலைக்கு உதவாது. துடிப்பைச் சீரியல் போர்ட் வழியாகத் தருவது நல்லது. யு.எஸ்.பி. போர்ட்டில் கம்ப்யூட்டர் முறை வைத்துக் கேட்பதால் நேரம் சற்றுத் தடுமாறும்.

இரண்டாவது, ஆன்டெனாவுக்கு வானம் தெரிய வேண்டும். கான்கிரீட் கூரைக்குக் கீழே சிக்னல் மிகவும் பலவீனமாகிவிடும். ஜன்னல் ஓரமோ மொட்டை மாடியோ நல்லது. நீண்ட கேபிளைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு மீட்டருக்குச் சுமார் 5 நானோ விநாடிதான் தாமதம்.

மூன்றாவது, அவசரப்படக் கூடாது. ஜி.பி.எஸ். நேரம், உலகப் பொது நேரத்தைவிட 2017ஆம் ஆண்டிலிருந்து 18 விநாடிகள் முன்னால் உள்ளது. இந்த வேறுபாட்டைச் சாட்டிலைட்டே ரிசீவருக்குச் சொல்லும். அந்தத் தகவல் அடங்கிய முழுச் செய்தி வந்து முடிய 12 நிமிடம் 30 விநாடி ஆகும். எனவே முதன்முறை இயக்கும்போது கால் மணி நேரமாவது விட்டுவிடுங்கள்.

நான்காவது, மிகப் பழைய ரிசீவரை வாங்காதீர்கள். ஜி.பி.எஸ். வார எண் 1024 வாரங்களுக்கு ஒரு முறை பூஜ்யத்திற்குத் திரும்பும். 1999 ஆகஸ்ட்டிலும் 2019 ஏப்ரலிலும் இது நடந்தது. பழைய ரிசீவர்கள் சில இதனால் இருபது ஆண்டுகள் பின்னால் உள்ள தேதியைக் காட்டும்.

பெரிய அளவில் செய்தவர்கள்

ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைப் என்.சி.சி. என்ற அமைப்பு ஐரோப்பாவிலும் அதைச் சுற்றியுள்ள நாடுகளிலும் இன்டர்நெட் முகவரி எண்களை வழங்குகிறது. இது 1990களின் பிற்பகுதியில் தன் உறுப்பினர் நிறுவனங்களின் கட்டடங்களில் சோதனைப் பெட்டிகளை வைக்கத் தொடங்கியது. ஒவ்வொரு பெட்டியும் ஒரு கம்ப்யூட்டர். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜி.பி.எஸ். ரிசீவர். நேரம் குறித்த சிறு பாக்கெட்டுகளை இவை ஒன்றுக்கொன்று அனுப்பி, ஒருவழித் தாமதத்தை இரவும் பகலும் அளந்தன.

இதில் ஒரு நடைமுறைச் சங்கடம். சர்வர்கள் இருக்கும் கட்டடத்தின் உள்ளே கம்ப்யூட்டர் வைப்பது எளிது. கூரையில் ஆன்டெனா வைத்துக் கேபிள் இழுப்பது பெரும்பாடு. 2010ல் இந்த அமைப்பு அட்லஸ் என்ற புதிய திட்டத்தைத் தொடங்கியது. உள்ளங்கை அளவுள்ள கருவிகள், ஜி.பி.எஸ். கிடையாது, பிங் போல மொத்த நேரத்தை அளப்பவை. பழைய சேவை 2014ல் நிறுத்தப்பட்டது. கருவி எளிமையானதால் ஆயிரக்கணக்கான இடங்களில் வைக்க முடிந்தது. ஆனால் போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் வசதி அந்தச் சிறு கருவிகளுக்கு இல்லை.

எங்கள் வீட்டில் கிடைத்த விடை

அண்ணன் மகன் சீரியல் போர்ட் உள்ள இரண்டு பழைய கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் போட்டான். பி.பி.எஸ். வசதியுள்ள ரிசீவர்களை இரண்டு முனையிலும் இணைத்தோம். என் ஆன்டெனா மாடி ஜன்னலில். ஒரு நாள் முழுவதும் கடிகாரம் நிதானப்பட விட்டோம். பிறகு அளந்தோம்.

காலையில்: போக 31, வர 24 மில்லி விநாடி. மைனஸ் எண் மறைந்துவிட்டது. நான் புகாரில் எழுதிய 412ல் 381 கடிகாரத் தவறு!

இரவு 9 மணிக்கு: போக 210, வர 24.

சென்னையிலிருந்து வரும் திசையில் ஒரு குறையும் இல்லை. என் வீட்டிலிருந்து போகும் திசையில்தான் அடைப்பு. பேச்சுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் பரிந்துரை. நாங்கள் அதைத் தாண்டியிருந்தோம். அம்மாவின் கேள்வி பேரனிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அவன் உடனே பதில் சொன்னாலும் அம்மாவுக்கு அது யோசித்துச் சொன்னதாகவே பட்டது.

அடைப்பு எங்கே? என் வீட்டுக்குள் தேடினேன். என் மகளின் கம்ப்யூட்டர், தினமும் இரவு 9 மணிக்குப் போட்டோக்களை இன்டர்நெட்டில் சேமிக்கும்படி செட் செய்யப்பட்டிருந்தது. செட் செய்து கொடுத்தவனே நான்தான்! அது அப்லோட் பாதையை நிரப்ப, அம்மாவின் குரல் பாக்கெட்டுகள் பின்னால் வரிசையில் நின்றன. அந்த நேரத்தை அதிகாலை 3 மணிக்கு மாற்றினேன். மறுநாள் இரவு அளந்தபோது போக 32 மில்லி விநாடி. புகார்க் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அம்மாவிடம், "அவன் உடனேதாம்மா பதில் சொல்லியிருக்கான். உங்க பேச்சுதான் நம்ம வீட்டு வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்திருக்கு" என்றேன். "அப்ப அவனுக்கு என் மேல ஒண்ணும் இல்லையே?" என்று மட்டும் கேட்டுக் கொண்டார்.

நீங்கள் செய்ய வேண்டியது

இதற்காக நீங்கள் ஜி.பி.எஸ். ரிசீவர் வாங்க வேண்டியதில்லை. கடிகாரத்தைத் தானாகச் சரி செய்யும் வசதியை ஆன் செய்து வையுங்கள். கம்ப்யூட்டரை இயக்கும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் மதர்போர்டு பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள். இன்டர்நெட் பேச்சு இழுத்தால் பிங் செய்து எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். பின் வீட்டில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டர், மொபைல் போன்களிலும் அப்லோடையும் டவுன்லோடையும் நிறுத்திவிட்டு மீண்டும் பிங் செய்யுங்கள். எண் சட்டென்று குறைந்தால் அடைப்பு உங்கள் வீட்டு இணைப்பில்தான்.

குறையவில்லை என்றால் அதன் பிறகு புகார் எழுதலாம். அப்போதும் பிங் காட்டிய மொத்த நேரத்தை மட்டும் எழுதுங்கள். "போகும் திசையில் இவ்வளவு" என்று எழுத வேண்டுமானால், இரண்டு முனைகளிலும் கடிகாரம் ஒன்றாக ஓடுகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.